யாசுகே விவாதம்

யாசுகே விவாதம் என்பது யூபிசாஃப்ட் நிறுவனம் 2025 மார்ச் 20 அன்று வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் ஷேடோஸ்' என்னும் வீடியோ கேமை ஒட்டி எழுந்த சர்ச்சையைக் குறிக்கும். 16-ஆம் நூற்றாண்டு ஜப்பானில் நிகழும் இவ்விளையாட்டில் நாயகர்கள் இருவர். ஒருவர் இகா நாட்டைச் சேர்ந்த நாவோயே என்னும் கற்பனைப் பெண். மறைந்து தாக்கும் ஷினோபி மரபில் வளர்ந்தவர். மற்றவர் யாசுகே, ஆப்பிரிக்காவிலிருந்து ஜப்பானுக்கு வந்து ஒடா நொபுனாகாவிடம் பணிபுரிந்த உண்மை மனிதர். 2024 மே 15 அன்று முதல் முன்னோட்டம் வெளிவந்தவுடனேயே 'யாசுகே சாமுராயா, இல்லையா' என்ற கேள்வி இணையத்தில் எழுந்தது. விளையாட்டு கைக்கு வருவதற்கு முன்பே பத்து மாதம் அதைப் பற்றிச் சண்டை நடந்தது.

வீடியோ கேம்களில் யார் நாயகராக வரலாம் என்ற சச்சரவு புதியதன்று. இதே தொடரின் 'யூனிட்டி' 2014-இல் வந்தபோது, கூட்டாக விளையாடும் நால்வரில் ஒருவர்கூடப் பெண்ணாக இல்லாதது ஏன் என்று கேட்கப்பட்டது. பெண் உருவத்துக்கு அசைவூட்ட வேலை இரட்டிப்பாகும் என்று நிறுவனத்தார் காரணம் கூறினர். தொடரில் முன்பு பணிபுரிந்த அசைவூட்டக் கலைஞர் ஒருவர், அது ஓரிரு நாள் வேலைதான் என்று மறுத்தார். 2018-இல் வந்த 'ஒடிஸி'யில் கசாண்ட்ரா, அலெக்சியோஸ் என இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம். கசாண்ட்ராவை மட்டுமே நாயகியாக வைக்கக் கலைஞர்கள் விரும்பினார்கள் என்றும், பெண் நாயகி விற்கமாட்டாள் என்று மேலிடம் தடுத்தது என்றும் 2020-இல் ப்ளூம்பெர்க் செய்தி வெளியிட்டது. 'ஒடிஸி'யை உருவாக்கிய கியூபெக் பிரிவுதான் 'ஷேடோஸ்' விளையாட்டையும் உருவாக்கியது. பெண் விற்கமாட்டாள் என்று ஆறாண்டுக்கு முன் கணக்குப் போட்ட நிறுவனம், ஒரு ஜப்பானியப் பெண்ணையும் ஒரு கறுப்பரையும் முன்னிறுத்தியபோது, மனம் மாறிவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். கொள்கைக்கு அடிபணிந்துவிட்டது என்று வேறு சிலர் கொதித்தனர். கணக்கு மாறியிருக்கலாம் என்று நினைத்தவர்கள் குறைவு.

இரு தரப்பும் வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தன. சாட்சி கூறியதைக் கடைசிவரை கேட்டவர்கள் மிகச் சிலரே.

ஆவணங்களில் யாசுகே

யாசுகேயைப் பற்றிக் கிடைக்கும் சமகாலச் சான்றுகளை ஒரு மாணவர் ஒரே மாலையில் படித்துவிடலாம். அவர் 1579-இல் ஜப்பான் வந்த இயேசு சபை அதிகாரி அலெஸ்ஸாண்ட்ரோ வலிஞ்ஞானோவின் பணியாளராக அந்நாட்டுக்கு வந்தார் என்று கருதப்படுகிறது. பிறந்த ஊர் மொசாம்பிக் என்பது ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, 1627-இல் வெளிவந்த பிரெஞ்சு நூல் ஒன்று தரும் செய்தி. பெற்றோர் வைத்த பெயர் எந்த ஆவணத்திலும் கிடையாது.

1581 மார்ச் மாதம் வலிஞ்ஞானோவின் குழு கியோட்டோவுக்கு வந்தது. கறுப்பு மனிதரைக் காணக் கூட்டம் நெரித்ததில் சிலருக்குக் காயம் பட்டது என்று இயேசு சபைக் கடிதங்கள் கூறுகின்றன. நொபுனாகா அவரை வரவழைத்து, மேலாடையைக் களையச் செய்து, நிறம் சாயமல்ல என்று உறுதிசெய்துகொண்டார். நொபுனாகாவின் பணியாளரான ஓட்டா கியூய்ச்சி தொகுத்த 'ஷின்சோ கோகி' என்னும் வரலாற்று நூல் அதே சந்திப்பைப் பதிவு செய்கிறது. 26 அல்லது 27 வயதுத் தோற்றம், திடமான உடல், பத்துப் பேரை விஞ்சும் வலிமை என்று விவரிக்கும் அப்பகுதி, அவரைத் துறவி என்றே குறிக்கிறது. பாதிரியார்களோடு வந்தவர் என்பதால் அப்படிக் கொண்டிருக்கலாம்.

இந்நூலுக்குப் பல கையெழுத்துப் பிரதிகள் உண்டு. அவற்றுள் ஒன்றில் மட்டும், யாசுகேக்கு வாழ்வூதியமும் வீடும் குறுவாளும் தரப்பட்டன என்றும், சில வேளைகளில் தலைவரின் படைக்கருவிகளைச் சுமந்து சென்றார் என்றும் கூடுதல் செய்தி வருகிறது. விவாதம் முழுவதும் இந்த ஒரு பிரதியின் மீதுதான் நிற்கிறது. இடைக்கால ஜப்பான் வரலாற்றறிஞர் ஹிராயாமா யூ, 2024 ஜூலையில், இச்சான்றுகளைக் கொண்டு யாசுகேயைச் சாமுராய் எனக் கொள்ளலாம் என்று எழுதினார். ஒரே பிரதியில் மட்டும் காணப்படும் செய்தி பிற்காலச் சேர்க்கையாக இருக்கலாம் என்று ஐயுறுபவர்களும் உள்ளனர். ஏட்டுச் சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அறிமுகமான சிக்கல்தான்.

மூன்றாவது சான்று மட்சுடைரா இயெடடாவின் நாட்குறிப்பு. 1582-இல் நொபுனாகாவின் பரிவாரத்தில் கண்ட கறுப்பு மனிதரின் பெயர் யாசுகே என்றும், உயரம் 6 ஷாக்கு 2 சுன் என்றும் அவர் எழுதினார். இன்றைய அளவில் ஏறக்குறைய 188 சென்டிமீட்டர். ஊதியம் பெற்றவர் என்ற குறிப்பும் அதில் உண்டு. 

கடைசிச் செய்தி 1582 ஜூன் 21-ஆம் நாளைப் பற்றியது. கியோட்டோவின் ஹொன்னோ-ஜி கோயிலில் தங்கியிருந்த நொபுனாகாவை அவருடைய தளபதி அகெச்சி மிட்சுஹிடே சூழ்ந்து தாக்கினார். நொபுனாகா அங்கேயே உயிரை மாய்த்துக்கொண்டார். யாசுகே நொபுனாகாவின் மகன் இருந்த இடத்துக்குச் சென்று நெடுநேரம் போரிட்டார், பின்பு கேட்டபோது வாளைக் கொடுத்துவிட்டார் என்று லூயிஸ் ஃப்ரோய்ஸ் எழுதிய கடிதத்திலிருந்து அறிகிறோம். அவரை என்ன செய்வது என்று மிட்சுஹிடேயிடம் கேட்டார்கள். இவன் விலங்கு, ஒன்றும் அறியாதவன், ஜப்பானியனும் அல்லன், ஆகவே கொல்ல வேண்டாம், பாதிரியார்களின் கோயிலில் விட்டுவிடுங்கள் என்ற பொருளில் அவர் பதில் கூறியதாகக் கடிதம் தெரிவிக்கிறது. அதன் பிறகு யாசுகேயைப் பற்றி உறுதியான பதிவு ஏதும் இல்லை. நொபுனாகாவிடம் அவர் இருந்த காலம் மொத்தம் பதினைந்து மாதமே.

இவற்றில் பெரும்பகுதி இயேசு சபைக் கடிதங்களிலிருந்து வருவதை மறக்கக்கூடாது. அதே சபைதான் வலிஞ்ஞானோ ஜப்பானை அடைவதற்கு முந்தைய ஆண்டு, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டது. மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதியவர்களும் அச்சபையாரின் கடிதங்களை நம்பியே பல செய்திகளைப் பெற்றனர். ஐரோப்பாவில் இருந்த மேலதிகாரிகளுக்கும் கொடையாளர்களுக்கும் போய்ச் சேர வேண்டிய கடிதங்கள் அவை. சுவையான நிகழ்ச்சி சற்றுக் கூடுதல் சுவையோடு வரும். ஆனால் மிட்சுஹிடேயின் சொற்களில் சபைக்குப் பெருமை சேர்ப்பது எதுவும் இல்லை. அதனாலேயே அதற்கு எடை அதிகம்.

சாமுராய் என்னும் சொல்

இணையச் சண்டையில் 'சாமுராய்' என்ற சொல் ஒரு பட்டயம்போலக் கையாளப்பட்டது. கையில் இருந்தால் சாமுராய், இல்லாவிட்டால் வேலைக்காரன். 1581-இல் நிலைமை அப்படி இல்லை. தலைவனிடம் ஊதியம் பெற்று ஆயுதம் ஏந்தியவனுக்கும் உழவனுக்கும் இடையிலான கோடு அப்போது கடக்கக்கூடியதாக இருந்தது. எளிய குடியில் பிறந்து நொபுனாகாவின் படையில் உயர்ந்த டொயோட்டோமி ஹிடெயோஷியே இதற்குச் சான்று. அவர்தான் பின்னர் 1588-இல் உழவர்களின் வாள்களைப் பறிமுதல் செய்தும், 1591-இல் தொழில்நிலை மாற்றத்தைத் தடுத்தும் அந்தக் கோட்டை ஆழமாகக் கிழித்தார். திரைப்படங்கள் வழியாக உலகம் அறிந்த, பிறப்பால் வரும் இரட்டை வாள் சாமுராய் அதற்கும் பின்னால், டொகுகாவா ஆட்சியில் நிலைபெற்றவர். அந்த அளவுகோலை யாசுகேயின் மீது வைத்தால் அவர் தேறமாட்டார். இளமைக்கால ஹிடெயோஷியும் தேறமாட்டார்.

மறுதரப்பின் பிழை சிறிதன்று. தாமஸ் லாக்லி இன்னொருவருடன் சேர்ந்து எழுதி 2019-இல் வெளிவந்த 'ஆஃப்ரிக்கன் சாமுராய்' என்ற நூல், மேலே கண்ட சில பக்கச் சான்றுகளை முழு நீள வாழ்க்கைக் கதையாக விரித்தது. யாசுகே என்ன நினைத்தார், யாரிடம் பேசினார் என்பன நாவலுக்குரிய உரிமையுடன் எழுதப்பட்டுள்ளன. நூலைப் புனைவாகப் படித்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதை ஆதாரமாகக் காட்டி எதிராளியை இனவெறியர் என்று முத்திரை குத்தியபோதுதான் சிக்கல் வந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவின் யாசுகே கட்டுரையில் 'சாமுராய்' என்ற ஒரு சொல்லுக்காக நடந்த இழுபறி, அத்தளத்தின் நடுவர் குழு வரை சென்றது.

யூபிசாஃப்ட் இதற்கு எண்ணெய் வார்த்தது. தொடரின் முந்தைய நாயகர்கள் எல்லோரும் கற்பனை மனிதர்கள்; வரலாற்றில் வாழ்ந்த ஒருவர் நாயகராவது இதுவே முதல்முறை என்று நிறுவனமே பெருமையாக விளம்பரம் செய்தது. எதிர்ப்பு வலுத்தபின், 2024 ஜூலை 23 அன்று ஜப்பானிய ரசிகர்களுக்கு விடுத்த அறிக்கையில், யாசுகே சாமுராயா என்பது விவாதத்துக்குரியது என்று ஒப்புக்கொண்டது. விற்கும்போது வரலாறு, கேள்வி கேட்டால் கற்பனை என்ற இந்த வசதி நேர்மையானதாகத் தெரியவில்லை.

வளையும் அளவுகோல்

இதே தொடரில் 2009-இல் வந்த இரண்டாம் பாகத்தின் நாயகன், லியோனார்டோ டா வின்சி செய்து கொடுத்த பறக்கும் கருவியில் வெனிஸ் நகரின் மேல் பறந்து, கடைசியில் போப்பாண்டவருடன் கைகலப்பில் இறங்குகிறான். அப்போது எவரும் ஆவணம் கேட்கவில்லை. ஜப்பானின் கோயெய் டெக்மோ நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'நியோ' விளையாட்டின் நாயகன் வில்லியம், ஆங்கில மாலுமி வில்லியம் ஆடம்ஸை ஒட்டி உருவானவன். அதே விளையாட்டில் யாசுகேயும் எதிராளியாகத் தோன்றுகிறார். ஆங்கிலப் பதிப்பில் அவருக்கு 'அப்சிடியன் சாமுராய்' என்றே பெயர். உலகம் அமைதியாக விளையாடியது. ஆடம்ஸுக்கு டொகுகாவா இயெயாசு நிலமானியம் கொடுத்ததற்குத் தெளிவான சான்று உண்டு, யாசுகேக்கு அப்படி இல்லை என்பது உண்மைதான். ஆனால் 'நியோ'வைக் குறை கூறாமல் விட்டவர்கள் அந்தச் சான்றைத் தேடிப் பார்த்துவிட்டா அமைதியாக இருந்தார்கள்?

செக் நாட்டின் வார்ஹார்ஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட 'கிங்டம் கம்: டெலிவரன்ஸ்' 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவைக் காட்டுகிறது. அதில் கறுப்பர்கள் இல்லாதது ஏன் என்று ஒரு தரப்பு கேட்டது. வரலாற்று உண்மை அதுதான் என்று மறுதரப்பு கொண்டாடியது. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகத்தில் மாலி நாட்டிலிருந்து வந்த மூசா என்னும் அறிஞர் இடம்பெற்றார். உடனே கொண்டாடியவர்களில் ஒரு பகுதியினர் அதே நிறுவனத்தைத் துரோகி என்றனர். நிறுவனமும் ஊரும் காலமும் மாறவில்லை. விளையாட்டில் ஒரே ஒரு மனிதர் கூடினார், அவ்வளவுதான்.

இருந்தும் எதிர்ப்பாளர்களிடம் ஒரு வலுவான வாதம் இருந்தது. கூச்சலில் அது அமுங்கிவிட்டது. அசாசின்ஸ் கிரீட் தொடரின் முதன்மைப் பாகங்களில் கிழக்காசிய ஆண் ஒருவர் நாயகராக வந்ததே இல்லை. இத்தாலி என்றால் இத்தாலியர், எகிப்து என்றால் எகிப்தியர் என்று வந்த தொடர், ஜப்பானுக்கு வந்தபோது ஆண் நாயகரின் இடத்தை வெளியிலிருந்து வந்தவருக்குக் கொடுத்தது. மேற்கத்திய விளையாட்டுகளில் தங்களைப் போன்ற முகத்துக்கு எப்போது இடம் கிடைக்கும் என்று ஓர் ஆசிய இளைஞர் கேட்டால் அதில் இனவெறி எதுவும் இல்லை. யாசுகேயை ஆதரித்தவர்கள் பேசிய பிரதிநிதித்துவக் கொள்கையின் இன்னொரு முகமே இது. பன்முகத்தன்மைக் கொள்கை கலையைக் கொல்கிறது என்ற பொருளில் எலான் மஸ்க் எக்ஸ் தளத்தில் எழுதியபின், இப்படி நிதானமாகக் கேட்டவர்களின் குரல் யார் காதிலும் விழவில்லை.

ஜப்பானில் எழுந்த குறைகள்

ஜப்பானில் எழுந்த எதிர்ப்பை வெளிநாட்டுச் சண்டையின் கிளை என்று கொள்வது தவறு. அங்கே வெளியீட்டை நிறுத்தக் கோரிய இணைய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். அதில் யாசுகே ஒரு பகுதிதான். விளம்பர ஓவியம் ஒன்றில், செகிகஹாராவைச் சேர்ந்த துப்பாக்கிப் படை மரபுக் குழுவின் கொடி அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டிருந்தது. யூபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டது. 2024 அக்டோபரில், விற்பனைக்கு அறிவிக்கப்பட்ட பொம்மை ஒன்றில் நாயகர் இருவரும் ஒற்றைக் கால் தோரணம் ஒன்றின் அருகே இருந்தனர். நாகசாகியின் சன்னோ கோயிலில் அப்படி ஒரு தோரணம் உண்டு. 1945 ஆகஸ்ட் 9 அன்று அணுகுண்டு வீழ்ந்தபோது அதன் ஒரு பாதி சரிந்தது; மற்றப் பாதி இன்றும் நிற்கிறது. தயாரித்த நிறுவனம் பொம்மையைத் திரும்பப் பெற்றது. மரபைக் காட்டுகிறோம் என்று சொல்பவர்கள் அந்தத் தூணைக்கூட அறியாதது பெரிய அலட்சியம்.

மூன்றாவது குறை ஹிமேஜியில் உள்ள இடாடெ ஹியோசு கோயிலைப் பற்றியது. விளையாட்டில் அக்கோயிலுக்குள் சென்று பொருள்களை உடைக்க முடிந்தது. 2025 மார்ச் 19 அன்று நாடாளுமன்ற மேலவையில் உறுப்பினர் ஒருவர் இதைக் கேள்வியாக எழுப்பினார். கோயிலைச் சிதைப்பதை ஏற்க முடியாது என்ற பொருளில் பிரதமர் இஷிபா ஷிகேரு பதிலளித்தார். மறுநாள் வெளியீட்டோடு வந்த திருத்தத்தில், கோயில்களில் உள்ள மேசைகளும் தட்டுகளும் உடையாதபடி மாற்றப்பட்டன. வெளிநாட்டுத் தளங்களிலோ, ஜப்பான் பிரதமரே யாசுகேயைக் கண்டித்துவிட்டார் என்ற தோரணையில் செய்தி பரவியது. கோயில் காப்பாளர்களின் கவலை, அவர்களுக்குத் தொடர்பில்லாத ஒரு சண்டைக்கு ஆயுதமானது.

இதனோடு ஒப்பிடத்தக்கது 2020-இல் அமெரிக்கரின் சக்கர் பஞ்ச் நிறுவனம் வெளியிட்ட 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'. 1274-இல் மங்கோலியர் படையெடுப்பைச் சொல்லும் அதில், வாளும் கவிதையும் போர் நெறியும் பல நூற்றாண்டு பிந்தியவை. வரலாற்றுப் பிழை என்று எடுத்துக்கொண்டால் பட்டியல் நீளம். ஆயினும் அத்தீவினர் அதன் இயக்குநர்கள் இருவரையும் 2021-இல் சுற்றுலாத் தூதர்களாக்கினார்கள். தீவின் வதட்சுமி கோயில் தோரணம் புயலில் விழுந்தபோது, விளையாடியவர்கள் பல நாடுகளிலிருந்து பணம் அனுப்ப, 50 லட்சம் யென் இலக்கை ஐந்து மடங்குக்கும் மேல் தாண்டி நிதி சேர்ந்தது. அங்கும் ஒரு கோயில்தான், வெளிநாட்டு நிறுவனம்தான். அதன் நாயகன் ஜப்பானியன் என்பதும் இந்த வரவேற்புக்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

விளையாட்டுக்குள் யாசுகே

வெளியானபின் இரு தரப்பும் எண்களுக்குத் தாவின. ஒரு வாரத்தில் 30 லட்சம் பேர் விளையாடியதாக யூபிசாஃப்ட் அறிவித்தது. அது விளையாடியவர்களின் கணக்கு. சந்தா கட்டி விளையாடியவர்களும் அதில் அடங்குவர். விற்ற பிரதிகளின் எண்ணிக்கை அதில் இல்லை. வெற்றி என்றும் தோல்வி என்றும் ஒரே எண்ணை வைத்து வாதிட முடிந்தது அதனால்தான்.

யாசுகேயை விளையாட்டு எப்படிச் சித்திரித்திருக்கிறது என்பதைப் பேசியவர்கள் குறைவு. இத்தொடரின் தனி இன்பம் சுவர் ஏறுவது, கூரையில் ஓடுவது, கூட்டத்தில் மறைவது ஆகியவை. 'ஷேடோஸ்' அவற்றை எல்லாம் நாவோயேக்குக் கொடுத்துவிட்டது. யாசுகே கதவுகளை மோதி உடைக்கிறார், கவசம் அணிந்தவர்களைப் பந்தாடுகிறார். உயரத்தில் ஏறத் தடுமாறுகிறார், குதித்தால் வைக்கோலோடு வண்டியும் நொறுங்குகிறது. நகைச்சுவையாகத்தான் செய்திருக்கிறார்கள். ஜப்பானியத் தெருவில் அவர் மறைந்து நடக்க முடியாது என்ற தர்க்கமும் சரியே. ஆனால் முடிவில் கையில் இருப்பது என்ன? பத்துப் பேரின் வலிமை உடையவர் என்று 1581-இல் வியந்து எழுதிய அதே பார்வை, 2025-இல் விளையாட்டு விதியாகிவிட்டது. அன்று கியோட்டோ மக்கள் முட்டி மோதிப் பார்த்தது அவருடைய உடலை. நொபுனாகா மேலாடையைக் களையச் செய்து பார்த்ததும் உடலை. இன்று விளையாடுபவர் இயக்குவதும் பெரும்பாலும் அந்த உடலைத்தான். நுட்பம் நாவோயேயின் பக்கம், பருமன் யாசுகேயின் பக்கம் என்ற பிரிவினையைப் பிரதிநிதித்துவம் பேசியவர்கள் கேள்வி கேட்டிருக்க வேண்டும். அவரைக் காப்பாற்றும் வேலையில் இருந்ததால் அதைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை.

நடைமுறையில் இன்னொன்றும் நிகழ்கிறது. முன்கதைக்குப் பிறகு நெடுநேரம் நாவோயே மட்டுமே விளையாடக் கிடைக்கிறார். அதன் பின்னும் பெரும்பாலான இடங்களில் இருவரில் யாரை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம் என்பதால், யாசுகே பிடிக்காதவர்கள் அவரைக் கூடுமானவரை ஒதுக்கிவிட்டு விளையாட முடிகிறது. உலகமே சண்டையிட்ட நாயகரை விருப்பப் பாடம்போல வைத்திருக்கிறது விளையாட்டு.

கதை 1582-க்குப் பின்னும் தொடர்கிறது. ஆவணங்கள் நின்றுவிட்ட அந்த இடத்திலிருந்துதான் கற்பனைக்கு முழு உரிமை தொடங்குகிறது. நல்ல பகுதிகளும் அங்கேதான் இருக்கின்றன. நொபுனாகா ஊதியமும் வாளும் தந்து அவரைத் தன் மனிதராக எண்ணினார். மிட்சுஹிடே அவரை மனிதராகவே எண்ணாமல் உயிரோடு விட்டார். தலைவன் வீழ்ந்தால் தானும் வீழ வேண்டிய போர்வீரர்களின் உலகில், கணக்கில் சேர்க்கப்படாததால் பிழைத்த ஒருவர், வாள் இல்லாமல் பாதிரியார்களின் கோயிலுக்கு நடந்துபோன அந்த நாளில் தன்னை யார் என்று நினைத்திருப்பார் என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு இன்னும் யாரும் ஒரு விளையாட்டைச் செய்யவில்லை.